குரலைப் பூட்டியவன்

எங்கள் ஆபீஸ் கதவில் ‘விசாரணை’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அதனால் வாரத்துக்கு நாலு பேராவது உள்ளே வந்து, பல் டாக்டர் எந்த மாடி என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அன்று காலை பதினோரு மணிக்கு வந்த தம்பதியையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

“பல் டாக்டர் மூணாவது மாடி” என்றேன், தலையைத் தூக்காமல்.

என் மேஜைமேல் ஒரு வெள்ளைப் பலகை டொக்கென்று வந்து விழுந்தது. மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘ஒருத்தனைப் பிடிக்கணும். பிடிச்சு என் கையில குடுக்கணும்.’

தலையைத் தூக்கினேன். நாற்பது வயசு ஆள். அகலமான தோள். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். கண் இரண்டும் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு அவர் மனைவி. நான் நாற்காலி காட்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

“இவரால பேச முடியாதுங்க” என்றார் அந்தம்மா. “தொண்டையில கேன்சர். போன மாசம் ஆபரேஷன் பண்ணி குரல்வளையை எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளர். பதினஞ்சு வருஷம்.”

எனக்கு அந்தக் குரல் தெரியும். நான் தவறவிட்ட ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முன்கூட்டியே மூன்று முறை எச்சரித்த குரல் அது.

உள்ளறையிலிருந்து மேடம் வந்தார். மேடம் என்றால் என் முதலாளி. ஒரு பாங்கில் இருபத்திரண்டு வருஷம் மோசடிப் பிரிவில் இருந்தவர். குரலை உயர்த்த மாட்டார். எப்போதும் கன்னத்தில் ஒரு புதினா மிட்டாய் அடக்கியிருப்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘வாயாடி’தான்.

“என்ன தொலைஞ்சுது?” என்றார் மேடம்.

அந்தம்மா கைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து வைத்தார். திரையில், ‘இந்த போன் தொலைந்துவிட்டது. கண்டெடுத்தவர் உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்’ என்று இருந்தது. கீழே ஒரு நம்பர். கூப்பிட்டால் அப்படி ஒரு நம்பரே இல்லையாம்.

“இது நாங்க செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது மேடம். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒன்பது நாள் இருந்துச்சு. பொறக்கப்போற பிள்ளை அப்பா குரலைக் கேக்கணும்ல? தினமும் மொட்டை மாடிக்குப் போய் பிள்ளைகிட்ட பேசி இதுல பதிவு பண்ணினாரு. மொத்தம் பதினொண்ணு. பழைய போன்ல பேசினா தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி இருந்துச்சுன்னுதான் இதை வாங்கினோம். இவரு ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்த வாரமே பூட்டிக்கிச்சு.”

“நகல் எடுக்கலையா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த கர்ப்பிணியிடம் கேட்கிற கேள்வியா அது?

“வித்தவன் எப்படி?” என்றார் மேடம்.

“மரியாதையான ஆளு மாதிரி இருந்தான். ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சுதான் குடுத்தான். பெட்டி, பில் எல்லாம் இருந்துச்சு. அம்மாவுக்கு ஆபரேஷன், அதான் விக்கிறேன்னான். இவருக்கும் ஆபரேஷன்னு சொன்னதும் விலையைக் கொஞ்சம் குறைச்சான்.”

“உங்க கண்ணு முன்னாடி அவனோட அக்கவுண்ட்டை எடுத்துட்டு, போனைச் சுத்தமா துடைச்சுக் காட்டினானா?” என்றேன்.

“அதெல்லாம் வீட்டிலேயே பண்ணிட்டேன்னான்.”

“வீட்டிலேயே சாப்பிட்டேன்னு சொல்றவனை நம்பலாம்மா. இதைச் சொல்றவனை மட்டும் நம்பக்கூடாது.”

நான் இந்த வேலைக்கு வருமுன் ஒரு போன் கடையில் இருந்தேன். வாடிக்கையாளரிடம் உண்மை பேசிய குற்றத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவன். எனவே விளக்கினேன். “பெட்டி எவன் வேணா வெச்சிருப்பான், பில் எவன் வேணா அடிப்பான். போன் உங்க கையில இருந்துச்சு, சாவி அவன் கையில. அவன் அக்கவுண்ட்டை உள்ள மறைச்சு வெச்சே வித்திருக்கான். ஒரு மாசம் போனதும் ‘என் போன் தொலைஞ்சுபோச்சு’ன்னு எங்கேயோ உக்காந்துகிட்டு பூட்டிட்டான். திறக்கிற நாலு நம்பர் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.”

அறிவிப்பாளர் பலகையில் எழுதினார்: ‘எதுக்கு?’

நல்ல கேள்வி. விற்றுக் காசு வாங்கிய பிறகு எதற்குப் பூட்ட வேண்டும்? மேடம் கேட்டார். “பூட்டின அப்புறம் எங்க கொண்டுபோனீங்க?”

“ஆஸ்பத்திரிக்கு எதிர் சந்துல ‘போன் டாக்டர்’னு ஒரு ரிப்பேர் கடை. வித்தவன்தான் அன்னிக்கே சொல்லியிருந்தான், எது ஆனாலும் அங்க காட்டுங்க, நல்ல மனுஷன்னு. அவரும் பாவம், எங்க முன்னாடியே கழட்டிப் பாத்தாரு. இந்த மாடலை இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன்னாரு. போர்டு போச்சு, திறக்க முடியாது, வேணும்னா பார்ட்ஸ் விலைக்கு நானே எடுத்துக்கறேன்னாரு. இவரு போனைப் பிடுங்கிட்டு வெளிய நடந்துட்டாரு.”

“கடைக்காரன் இவர்கிட்ட என்ன பேசினான்?” என்றார் மேடம்.

“இவர்கிட்ட ஒண்ணும் பேசலையே. எல்லாம் என்னைப் பாத்துதான். ‘பொறுமையா அவருக்குப் புரிய வைம்மா, மனசு மாறினா வாங்க’ன்னாரு.”

மேடமின் மிட்டாய் இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போனது. ஏதோ சிக்கிவிட்டது என்று அர்த்தம்.

“வாயாடி, போனைக் கழட்டு.”

மேடமின் தலை உலர்த்தும் மிஷினால் பின்மூடியைச் சூடாக்கி, என் பழைய கடையின் அடையாள அட்டையை ஓரத்தில் விட்டு நெம்பினேன். அந்த அட்டை அன்றைக்குத்தான் முதல்முதலாக உபயோகப்பட்டது. மூடி திறந்துகொண்டது. உள்ளே பேட்டரியின் மூலையில், நீல மசியில், எறும்பு எழுத்தில் நாலு வரி.

12-1. 2-3. 22-4. 12-6.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது ரிப்பேர்காரங்க பழக்கம் மேடம். எந்த போனைக் கழட்டினாலும் மூடறதுக்கு முன்னாடி உள்ள தேதி போட்டுடுவாங்க. இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சு வந்து ‘போன வாரம்தானே பாத்தே’ன்னு சண்டைக்கு நிப்பாங்க. யோசிச்செல்லாம் செய்யறதில்லை. கை தானா எழுதிடும்.”

“நீங்க கடைக்குப் போனது என்னிக்கு?” என்றார் மேடம்.

“பன்னிரண்டாம் தேதி” என்றார் அந்தம்மா. “இந்த மாசம்.”

“கடைசி வரி அது. மத்த மூணும் நீங்க போறதுக்கு முன்னாடி போட்டது. நாலும் ஒரே கை. ரெண்டுக்கு வால் நீட்டி எழுதறான் பாருங்க.” மேடம் போனைக் கீழே வைத்தார். “முதல் தடவையா பாக்கறேன்னு சொன்னவன் நாலாவது தடவையா கழட்டியிருக்கான். ஏழு வாரத்துக்கு ஒரு தடவை, தவறாம.”

அப்போதுதான் எனக்கு ‘எதுக்கு’ புரிந்தது. ஒருவன் விற்கிறான், பூட்டுகிறான். இன்னொருவன் செத்துப்போச்சு என்று உதட்டைப் பிதுக்கி, பார்ட்ஸ் விலைக்குத் திரும்ப வாங்குகிறான். உள்ளே இருப்பதை அழித்துவிட்டு மறுபடி ஆஸ்பத்திரி வாசல். அவசரமும் கவலையுமாக நிற்பவர்கள் பெட்டியைப் பார்ப்பார்கள், பில்லைப் பார்ப்பார்கள், வேறெதையும் பார்க்க மாட்டார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் இந்தப் பாவிகள் ஒரே போனை நாலு வீட்டில் பிடுங்கியிருந்தார்கள்.

அறிவிப்பாளர் எழுதினார்: ‘எனக்கு முன்னாடி மூணு பேர். அவங்க போட்டு வெச்சது?’

“அழிஞ்சுபோச்சு” என்றார் மேடம். சர்க்கரை தடவிப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை.

அறிவிப்பாளர் அடுத்த வார்த்தையை அழுத்தி எழுதியதில் மார்க்கரின் முனை உள்ளே போய்விட்டது. அந்த வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. அச்சகத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

“போலீஸ்ல சொல்லிடலாமா மேடம்?” என்றார் அந்தம்மா.

“சொல்லலாம். ஜீப் வாசல்ல நின்னதும் கூட்டாளி எங்கேயாவது உக்காந்து ஒரு தட்டு தட்டுவான். அடுத்து நெட்வொர்க் கிடைக்கிற நிமிஷத்துல உள்ள இருக்கிற பதினொண்ணும் போயிடும்.” மேடம் அறிவிப்பாளரை நேராகப் பார்த்தார். “முதல்ல குரல். அப்புறம் பழி. ரெண்டும் வாங்கித் தர்றேன். வரிசையை மட்டும் மாத்தாதீங்க.”

அறிவிப்பாளர் அந்த மார்க்கரை வீசிவிட்டு என் மேஜையிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டார். அதுதான் சம்மதம்.

போன் டாக்டர் கடைக்கு நேர் எதிரே ஓர் இஸ்திரிக் கடை. அங்கே பெஞ்சில் மேடமும் அந்தம்மாவும் உட்கார்ந்தார்கள். போனிலிருந்த சிம்மை மேடம் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். நான் இப்போது அந்தம்மாவின் தம்பி. பேச வேண்டியதை மேடம் எனக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். ஒரு வார்த்தை கூடக் கூடாது என்றார். என்னிடம் போய்.

“அவரை அங்க தனியா விட்டுட்டு நான் வந்துடணுமா? ஆபத்துன்னா சத்தம்கூடப் போட முடியாதே மேடம்!”

“அவர் உக்காந்தா போதும்.”

கடை தீப்பெட்டி அளவுதான். சுவர் முழுக்க கவர்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த திரைகள், நெற்றிக்கு மேல் பூதக்கண்ணாடி ஏற்றிவைத்த ஒரு குண்டு மனிதன். அறிவிப்பாளரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். முகமெல்லாம் பல்.

“வாங்க தம்பி, உக்காருங்க. அவரையும் உக்காரச் சொல்லுங்க. மனசு மாறிடுச்சா?”

“அக்கா வித்துடலாம்னு சொல்றா. மாமாதான் முறைச்சுகிட்டு நிக்கறாரு” என்று போனை அவன் மேஜைமேல் வைத்துவிட்டு மனப்பாடத்தை ஆரம்பித்தேன். “பின்ன என்ன, அவரு பாங்க் நம்பர், பாஸ்வேர்டு எல்லாத்தையும் இதுக்குள்ளதான் எழுதி வெச்சிருக்காராம். ஞாபகம் வேற இல்லையாம். திறக்கவே முடியாதுன்னா யாருக்கு என்ன பிரயோசனம், சொல்லுங்க?”

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் ஒரு நொடி நின்றது. பிறகு சுழன்றது.

“யாருக்கும் பிரயோசனம் இல்ல தம்பி. சுத்தமா செத்துப்போச்சு.”

“அப்ப மாமா இங்கேயே இருக்கட்டும். நான் போய் அக்காவைக் கூட்டிட்டு வந்துடறேன்.”

இஸ்திரிக் கடை பெஞ்சுக்கு வந்து பார்த்தேன். கடைக்காரன் தன் போனை எடுத்துக் காதில் வைத்தான். திரும்பிக்கூட நிற்கவில்லை. அறிவிப்பாளர் முகத்துக்கு நேரே பேசினான், சிரித்தான், மறுபடி பேசினான். அறிவிப்பாளர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தார்.

“பத்து நிமிஷம் ஆச்சு” என்றார் மேடம். “போய் விக்கலைன்னு சொல்லி வாங்கிட்டு வா.”

போனேன். “அக்கா வேணாம்னுட்டா.” அவன் விலையை ஏற்றினான். வேண்டாம் என்றேன். இன்னும் ஏற்றினான். செத்த போனுக்கு இவ்வளவு பாசமா? “அடம் பிடிக்காதீங்க தம்பி” என்றவன் கையிலிருந்து போனைக் கிட்டத்தட்டப் பறித்துக்கொண்டு, மாமாவையும் இழுத்துக்கொண்டு சந்தைக் கடந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அறிவிப்பாளர் பலகையைப் பிடுங்கினார். நாலு எண்கள் எழுதினார். 6308.

“இது என்ன?” என்றேன் மண்டு மாதிரி.

‘திறக்கிற நம்பர். கூட்டாளிகிட்ட கேட்டு, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துகிட்டான். என் மூஞ்சிக்கு நேரா.’

நான் மேடத்தைப் பார்த்தேன்.

“பேச்சு வராதவருக்குக் காதும் கேக்காதுன்னு நிறைய பேருக்கு ஒரு நினைப்பு” என்றார் மேடம். “முதல் நாளே அவன் இவரைப் பாத்து ஒரு வார்த்தை பேசலை. போன் திரும்பி வந்துட்டா கூட்டாளி உடனே அழிக்கிறதுதான் அவங்க வழக்கமா இருக்கணும். உள்ள பணம்னு நீ ஆசை காட்டிட்டே. அழிக்காதேன்னு சொல்லணும், நம்பரும் கேக்கணும். பேசித்தானே ஆகணும்? இவருக்குக் கண்ணு தெரியும், அதனால இவர் எதிர்ல போனைத் திறக்க மாட்டான். வாயைத் திறக்கலாம்னு நினைச்சுட்டான்.”

நுணலும் தன் வாயால் கெடும். இவன் வாயாலும் கெட்டான், அடுத்தவர் காதாலும் கெட்டான்.

அறிவிப்பாளர் எழுதிக்கொண்டே போனார். பதினைந்து வருஷம் பஸ் நேரங்களை மனப்பாடமாகச் சொன்ன மண்டை அது, ஒரு சொல் சிந்தவில்லை. ‘ஊமையன் எதிர்லதான் உக்காந்திருக்கான். இடி விழுந்தாலும் கேக்காது. அழிச்சிடாதடா, உள்ள பணம் இருக்கு. பொண்டாட்டி வயித்துப் பிள்ளைக்காரி, ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க, தானா வருவாங்க.’ அந்தம்மா அதைப் படித்தார். புடவைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றினார், விரல் வெளுக்கும் வரை.

அறிவிப்பாளரே நம்பரைப் போட்டார். திரை திறந்துகொண்டது. பதினொன்றும் இருந்தன. முதலாவதை அழுத்தினார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு!”

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அந்த ஊரில் அந்தக் குரல் தெரியாதவர் யார்?

“இன்னும் மூன்று மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர வேண்டிய சின்னப் பயணி, சரியான நேரத்தில் புறப்பட்டுவிட்டதாக டாக்டரம்மா தெரிவிக்கிறார். பயணி அவசரப்பட வேண்டாம். ஜன்னலோர இருக்கை உங்களுக்குத்தான்...”

அந்தம்மா போனை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அறிவிப்பாளர் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, கழுத்துத் துணியில் கை வைத்தபடி அழுதார். சத்தமே இல்லாத அழுகை. நான் யாரோ ஒருவரின் சட்டைக் காலரை வெகு அக்கறையாக ஆராய்ந்தேன்.

“நகல்” என்றார் மேடம். என் போனுக்கு ஒன்று, மேடம் போனுக்கு ஒன்று, இஸ்திரிக்காரர் போனுக்கும் ஒன்று. முடித்ததும் அறிவிப்பாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே சொல் எழுதினார். ‘பழி.’

சிம்மைத் திரும்பப் போட்டு, மறைத்து வைத்த அக்கவுண்ட்டைத் தோண்டி எடுத்தேன். மறுபடி நம்பர் கேட்டது. அதே நாலு எண். அந்த அக்கவுண்ட்டில் சேர்த்திருந்த போன்களின் பட்டியல் கண்முன் விரிந்தது. அதில் முப்பத்தியொரு போன்கள் பூட்டியவை. ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். எந்தெந்த வீட்டு அலமாரியில், எந்தெந்த மேஜை இழுப்பறையில் அவை கண் விழித்தனவோ! கடைசியில் பூட்டாத இரண்டு மிஞ்சின. ஒன்று இருக்கும் இடம், எதிர்க் கடை. இன்னொன்று ஆஸ்பத்திரி வாசல். அம்மாவுக்கு இன்றைக்கும் ஆபரேஷன் போலிருக்கிறது.

மேடம் தெரிந்த இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு இரண்டு இடத்தையும் சொன்னார். “கால் மணி நேரம் ஆகுமாம்.”

‘எனக்குப் போதும்’ என்று எழுதிவிட்டு அறிவிப்பாளர் அந்த இரண்டையும் பூட்டினார். திரையில் வரவேண்டிய வாசகத்தையும் அவரே அடித்தார். ‘இந்த போன் தொலையவில்லை. இதன் சொந்தக்காரன் அகப்பட்டுக்கொண்டான்.’ தொடர்புக்கு என் நம்பர்.

எதிரே கடைக்காரன் போனைப் பார்த்தான். தட்டினான். உதறினான். கடை போனை எடுத்தான். என் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

“ஹலோ, யார் சார் நீங்க? என் போனைத் திறந்துடுங்க சார். என் பொண்ணு முதல் தடவையா நடந்த வீடியோ அதுலதான் இருக்கு. வேற எங்கேயும் இல்ல சார்...”

பட்டியலில் அவன் போனுக்குப் பக்கத்தில் ‘அழி’ என்று ஒரு பொத்தான். அறிவிப்பாளரின் கட்டைவிரல் அதன்மேல் நின்றது. அழுத்தட்டும் என்றுதான் நானும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

“அது சாட்சி” என்றார் மேடம் மெதுவாக. “அழிச்சா அவனுக்குத்தான் லாபம்.”

விரல் நகரவில்லை. அந்தம்மாதான் பேசினார். “அந்த வீடியோ அவன் பொண்ணோடது.”

விரல் பொத்தானைவிட்டு இறங்கியது. ஆனால் முகம் இறங்கவில்லை. பலகையில் எழுதி என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் போனில் படித்தேன். “திறக்க முடியாதுங்க. வேணும்னா பார்ட்ஸ் விலைக்கு எடுத்துக்கறோம்.”

கண்ணாடிக்குப் பின்னால் கடைக்காரன் மெல்லத் தலையைத் திருப்பி, எதிர் பெஞ்சைப் பார்த்தான். அடுத்த நொடி ஷட்டரை இழுக்கப் பாய்ந்தான். அறிவிப்பாளர் அதற்குள் சந்தைக் கடந்திருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கை ஓங்கவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

“தம்பி, அவருக்குச் சொல்லுங்க தம்பி, பேசித் தீர்த்துக்கலாம்னு சொல்லுங்க!”

“நீங்களே சொல்லுங்க” என்றேன். “கொஞ்சம் முன்னாடி நீங்க பேசினதையெல்லாம் கேட்டவருக்கு இது கேக்காதா?”

அவன் நம்பரைச் சத்தமாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாற்காலியைத் தேடினான். கிடைக்கவில்லை, தரையில் உட்கார்ந்தான். ஜீப் வரும்வரை அறிவிப்பாளர் அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்காரனையும் அதே ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். பெட்டியும் பில்லும் அவன் மடியில் இருந்தன.

ஸ்டேஷனில் அறிவிப்பாளர் வாக்குமூலம் எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்ததும் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். பலகை நிறைய ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். போனில் பதிவு செய்யும் பொத்தானைத் தட்டிவிட்டு, என்னைப் படிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

படித்தேன்.

“கண்ணு, இது பன்னிரண்டாவது. பேசறது நான் இல்ல, ஒரு வாயாடி மாமா. எழுதறது அப்பா. நான் உனக்காக வெச்சிருந்த குரலை ரெண்டு பேர் திருடினாங்க. அதுல ஒருத்தன் எதிர்லேயே உக்காந்து அதை இன்னிக்குத் திருப்பி வாங்கிட்டேன். அவன் பிள்ளையோடதை நான் தொடலை. ஏன்னா அது பிள்ளையோடது. அவனை மன்னிச்சிட்டீங்களாப்பான்னு நீ பெரியவளாகி, இல்ல பெரியவனாகி, ஒருநாள் கேப்ப.”

அடுத்து ஒரே வார்த்தைதான் இருந்தது. தாழ்ந்த குரலில் படித்தேன்.

“மன்னிக்கல.”

அறிவிப்பாளர் தலையை ஆட்டினார். என் கையிலிருந்து பலகையை வாங்கி, ஓரத்தில் இருந்த கொஞ்சூண்டு இடத்தில் எழுதினார்: ‘சத்தமா.’

ஸ்டேஷன் வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, நான் சத்தமாகப் படித்தேன்.